நவம்பர் மழைக்கு நடுவே ஜப்பானின் பின் இலையுதிர்காலம்: அரை மணி நேரத்துக்கு எந்தப் பாடல்கள்?

மணிக்கூண்டு:
வணக்கம். மயிலாடுதுறையில் கடைமுழுக்கு முடிந்த அடுத்த வாரம் ஒரு சின்ன அரங்கில் அரை மணி நேரம் ஜப்பானியப் பாப் பாடல்கள் மட்டும் பாடுகிறோம். ஒரு பெண் குரல் (கர்நாடக சங்கீதம் படித்தவர், 5 கட்டை), ஒரு கீபோர்டு, ஒரு அக்கூஸ்டிக் கிட்டார். டிரம்ஸ், பேஸ் கிடையாது. இலையுதிர்காலத்தின் கடைசிக் கட்ட மனநிலை வேண்டும், குளிர்காலம் வேண்டாம். இணையத்தில் கிடைக்கிற பட்டியல்களில் எல்லாம் கலந்து கிடக்கிறது. எதை எடுக்கலாம், எந்த வரிசையில், பாடும்போது எங்கே சறுக்கும்? தகரக் கூரை, மழை வந்தால் சத்தம் பலமாக இருக்கும்.

அரசலாறு:
முதலில் மாதவாரியாகச் சலித்து எடுங்கள். ஃபுஜிஃபாப்ரிக் இசைக்குழுவின் 'அககிஇரோ நோ கின்மொகுசெய்' (2004) அருமையான பாட்டு, ஆனால் தலைப்பில் வரும் கின்மொகுசெய் பூ மணப்பது செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும்தான். தகெஉச்சி மரியாவின் 'செப்டம்பர்' (1979) பெயரிலேயே மாதத்தைச் சொல்லிவிடுகிறது. 'யுகி நோ ஹானா' (2003), 'கொனாயுகி' (2005) இரண்டிலும் பனி விழுந்துவிட்டது. நான்கையும் ஒதுக்குங்கள்.

உங்களுக்கு வேண்டியது நவம்பர். கியோட்டோவில் மேப்பிள் நன்றாகச் சிவப்பது அந்த மாதத்தின் பின்பாதியில். டோக்கியோவில் 'கொகராஷி' எனும் வாடைக்காற்று அடிக்கும். நொடிக்கு 8 மீட்டரோ அதற்கு மேலோ வேகத்தில் வரும் பருவத்தின் முதல் வாடையை அங்கே வானிலைத் துறையே அறிவிக்கிறது. நடுநடுவே வெயில் இதமாக விழும் நாட்களும் உண்டு, அதற்கு 'கொஹாருபியொரி' என்று பெயர். நமக்கும் ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம்தான், வாடையும் உண்டு. ஆனால் இங்கே அது ஈர வாடை, அங்கே வானம் தெளிந்து காய்ந்து கிடக்கும். அதனால் வரியில் இலை உதிர்கிறதா என்று தேடாதீர்கள். இசையமைப்பில் அந்தக் காய்ந்த குளிர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஐந்து பாட்டு போதும். முதலில் யமகுச்சி மொமொஏ பாடிய 'கொஸுமொஸு' (1977), எழுதி இசையமைத்தவர் ஸதா மஸாஷி. கல்யாணத்துக்கு முன்தினம், காஸ்மோஸ் பூ வெயிலில் அசைகிறது, இப்போதெல்லாம் சட்டென்று கண்கலங்கிவிடும் அம்மா முற்றத்தில் ஒரு தடவை இருமுகிறாள். அந்த இருமல் வருகிற வரியை அழுத்திப் பாடவே கூடாது, பேசுகிற மாதிரி விட்டுவிட வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் உன் பிள்ளையாக இருக்க விடு என்று கேட்கும் கடைசிப் பகுதிக்குக் குரலைச் சேமித்து வையுங்கள்.

இரண்டாவது தகெஉச்சி மரியாவின் 'எகி' (1987). அந்தி நேர ரயில் நிலையம், பழைய காதலனின் மழைக்கோட்டு கண்ணில் படுகிறது, அவள் பக்கத்துப் பெட்டியில் ஏறுகிறாள், இறங்கி வெளியே வரும்போது மழை விடப் போகிறது. உங்கள் அரங்குக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. இதே பாட்டை நகமொரி அகினா 1986-லேயே பாடிவிட்டார், கிட்டத்தட்ட முணுமுணுப்பாக. கற்க மரியாவின் பதிவையே எடுங்கள், சொற்கள் தெளிவு. தேடும்போது பாடகி பெயரையும் சேர்த்துப் போடுங்கள், தலைப்புக்கு 'நிலையம்' என்றுதான் பொருள் என்பதால் ரயில் காணொளிகள் வந்து குவியும்.

மூன்றாவது மத்ஸுபரா மிகியின் 'மயொனகா நோ டோஆ' (1979 நவம்பர்). நான்காவது ஸ்பிட்ஸ் இசைக்குழுவின் 'கஎதெ' (1998). தலைப்புக்குத்தான் மேப்பிள் என்று பொருள், பாட்டுக்குள் அந்த மரமே வராது. கடைசியாக அராய் யுமியின் 'தபிதத்ஸு அகி' (1974). மரங்களுக்கு நடுவே புகுந்து இலையுதிர்காலமே ஊரைவிட்டுக் கிளம்பிப் போகிறது. அதற்குப் பின் எதையும் பாடாதீர்கள்.

கொள்ளிடக்கரை:
'மயொனகா நோ டோஆ'வில் எனக்கு உடன்பாடில்லை. 2020-இல் உலகம் முழுக்கப் பரவியதால் எல்லாரும் பட்டியலில் சேர்க்கிறார்கள். சாம்பல் நிறக் கோட்டில் காப்பிக் கறை, இரண்டாவது குளிர்காலம் வருகிறது என்ற வரி, எல்லாம் சரி. ஆனால் ஹயாஷி தெத்ஸுஜி போட்ட மெட்டு பேஸ் (அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வரங்கள்) மேல்தான் ஓடுகிறது. டிரம்ஸும் பேஸும் இல்லாமல் கிட்டாரில் வெறுமனே ஸ்ட்ரம் செய்தால் (எல்லா நரம்பையும் சேர்த்து வருடினால்) படுத்துவிடும். பாடியே தீருவதென்றால் கீபோர்டு இடக்கைக்கு பேஸ் மட்டும் கொடுங்கள், வலக்கை அடிகளுக்கு இடையில் சின்னச் சின்னதாகக் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) தட்டட்டும், கிட்டார் உள்ளங்கையால் நரம்பை அமுக்கி வாசிக்கட்டும். வேகத்தைப் பதிவைவிடச் சற்றுக் குறைக்கலாம்.

ஆஃப் கோர்ஸ் இசைக்குழுவின் 'அகி நோ கெஹாய்' (1977) சேர்க்கலாமே? உங்கள் கருவிகளுக்கு அது கச்சிதம்.

அரசலாறு:
கருவிக்குப் பொருந்தும், பருவத்துக்குப் பொருந்தாது. யோகொஹாமா துறைமுகம் தெரியும் மேட்டுப் பூங்காவில் ஒருவன் காதலியை விட்டு மனத்தளவில் விலகத் தொடங்குகிறான். இலையுதிர்காலம் அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, பாட்டு வெளியானதும் ஆகஸ்டில். 'மயொனகா நோ டோஆ'வுக்கு இடக்கை பேஸ் யோசனையை ஏற்கிறேன், ஸ்ட்ரம் செய்தால் அந்தப் பாட்டு செத்தது.

வடவாறு:
பாடகிக்காக.

வரிகளைத் தமிழில் எழுதும்போது குறில் நெடில் பிரச்சினையே இல்லை, எ ஏ, ஒ ஓ நம்மிடம் தனித்தனியாக இருக்கின்றன. சிக்கல் வல்லினத்தில். 'எகி' என்று எழுதினால் நம் வாய் 'g' ஒலியில்தான் சொல்லும். சரி என்று 'எக்கி' என்று எழுதினால் ஜப்பானியத்தில் ஒரு மாத்திரை கூடிவிடும், தாளம் தள்ளும். சுலோகப் புத்தகத்தில் அச்சடிக்கிற முறையைப் பிடியுங்கள்: மெல்லிய ஒலிக்கு மட்டும் க³, த³, ப³ என்று மேலே 3 போடுங்கள், எண் இல்லாத இடமெல்லாம் அழுத்தமான ஒலி. சொல்லின் கடைசியில் வரும் 'ன்' ஒலிக்கும் பெரும்பாலும் தனி ஸ்வரம் உண்டு. முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட்டால் ஓர் இடம் காலியாகி, அடுத்த சொல்லை முன்கூட்டியே எடுத்துவிடுவார்.

கமகம் வேண்டாம். இந்த ஐந்தும் நேர் ஸ்வரத்தில் நிற்கிற பாடல்கள். குறிப்பாகக் காந்தாரம், நிஷாதத்தில் பழக்கத்தால் அசைவு வரும், கார்டோடு உரசும். மைனர் பாடல்களில் இன்னொன்று: காது சிவரஞ்சனிக்குப் பழகியிருந்தால் சதுஸ்ருதி தைவதம் வந்து விழும். அங்கே பெரும்பாலும் சுத்த தைவதம்தான், நடபைரவியை மனதில் வைத்துக்கொண்டால் சறுக்காது.

ஐந்தையும் ஒரே ஸ்ருதியில் பாட வேண்டாம், ஸ்ருதிப் பெட்டியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, அது அவருடைய மந்த்ர பஞ்சமத்துக்குக் கீழே போகாதபடி மாற்றுங்கள். மொமொஏவின் குரல் தாழ்ந்தது, அதனால் அவர் பாட்டை ஏற்ற வேண்டியிருக்கலாம். ஸ்பிட்ஸ் ஆண் குரல் என்றாலும் உயரம், எடுத்தவுடன் ஆக்டேவ் (ஸ்தாயி) மாற்றிவிடாதீர்கள். கீபோர்டில் ஸ்ருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் போதும். கிட்டாரில் கேப்போ (நரம்புகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) ஸ்ருதியை ஏற்றத்தான் செய்யும். இறக்க வேண்டுமானால் பிடியையே மாற்றணும்: ஏ மைனரை ஜி மைனருக்கு இறக்க, மூன்றாம் கட்டத்தில் கேப்போ, ஈ மைனர் பிடி.

மணிக்கூண்டு:
மிக்க நன்றி. மழை பலமாக வந்தால் 'தபிதத்ஸு அகி' கேட்குமா? அது ரொம்ப மெல்லிசு. நேரம் போதாவிட்டால் எதை விடுவது?

கொள்ளிடக்கரை:
தகரத்தில் விழும் மழை எல்லா அலைவரிசையிலும் இரைச்சல் போடும், முதலில் காணாமல் போவது மெய்யெழுத்துகள். ஒலிபெருக்கியைக் கூட்டினால் ஃபீட்பேக் கிறீச்சொலிதான் மிஞ்சும். மைக்கை வாயிலிருந்து 5 செ.மீ.க்குள் வையுங்கள், குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபெல் ஏற்றுங்கள், ரிவெர்ப் (எதிரொலி) பாதியாகக் குறையட்டும். கிட்டாரைத் தனி மைக்கில் எடுக்காமல் அதிலேயே பொருத்தியிருக்கும் பிக்கப்பிலிருந்து நேராக மிக்சருக்குக் கொடுங்கள். பிக்கப் இல்லையென்றால் அன்று கிட்டாரை 'கஎதெ'யோடு நிறுத்திவிட்டு, கடைசிப் பாட்டைக் கீபோர்டு மட்டும் வைத்துப் பாடலாம்.

நரம்பை இரண்டு நாள் முன்பே மாற்றுங்கள், அன்றைக்கே மாற்றினால் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏசி காரிலிருந்து இறக்கியதும் பெட்டியைத் திறக்க வேண்டாம், ஈரக் காற்று பட்டதும் மரத்தில் நீர் பூக்கும். அரை மணி நேரம் மூடியே வைத்துவிட்டுப் பிறகு ஸ்ருதி சேருங்கள்.

அரசலாறு:
நேரம் போதாவிட்டால் விட வேண்டியது 'மயொனகா நோ டோஆ'. 'எகி' முடிந்ததும் நேராக 'கஎதெ'க்குப் போய்விடலாம், பாட்டுக்கு முன் சொல்லும் முன்னுரையும் ஒன்று மிச்சம். கூட்டம் 'மயொனகா நோ டோஆ'வைத்தான் கேட்கும் என்று தெரிந்தால் 'கஎதெ'யை விடுங்கள். முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் மட்டும் தொடாதீர்கள்.