[கலைச்சொல்] குடலுக்குள்ள குடல் போயிடுற நோய்க்கு தமிழ்ல என்ன? வெள்ளிக்குள்ள வேணும்

அனுப்பியவர்: பெஸ்தாரி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம மலேசியா சிலாங்கூர்ல இருக்குற பத்தாங் பெர்ஜுந்தை தமிழ்ப்பள்ளியில (2007லேர்ந்து பெஸ்தாரி ஜெயாதான், எனக்கு வாய்ல பழைய பேருதான் வருது) ஞாயித்துக்கெழம பெத்தவங்களுக்கு சின்னப்பிள்ளைங்க நோய் பத்தி ஒரு கூட்டம் வச்சிருக்கோம். கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) வந்து பேசுறாங்க, கையில குடுக்குற நோட்டிஸ நான் தமிழ்ப்படுத்தணும், வெள்ளி மத்தியானம் அச்சுக்குப் போயாகணும்.

மொத்தம் நாலு நோய், மூணு முடிஞ்சிருச்சு. காய்ச்சல் ஏறி கை கால் இழுக்குறது காய்ச்சல் வலிப்பு. எச்எஃப்எம்டிக்கு கை கால் வாய் நோய்னே போட்டுட்டேன். ஜி6பிடி குறைபாட்ட (ரத்தச் செல்லக் காப்பாத்துற ஒரு நொதி கம்மியா இருக்குறது) அப்படியே விட்டுட்டேன், ஏன்னா பிள்ளை பொறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல பார்த்துட்டு ஆஸ்பத்திரிலயே அந்தப் பேரச் சொல்லித்தான் அனுப்புறாங்க, பாச்சை உருண்டை வீட்ல வைக்காதீங்கன்னு அம்மாமாருக்கு அது மனப்பாடம்.

நாலாவதுதான் இடிக்குது. இன்டசசெப்ஷன். குடல்ல ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள்ள போய் மாட்டிக்கிறது. என்ன போடலாம்?

---

அனுப்பியவர்: ரவாங் தம்பி

குடல் செருகல். முடிஞ்சது லா டீச்சர்.

---

அனுப்பியவர்: சுங்கை சிப்புட் புலவர்

தம்பி அவசரப்படக் கூடாது. முதல்ல மூலச்சொல்லைப் பார்ப்போம். இலத்தீனில் இன்டுஸ் என்றால் உள்ளே, சுஸ்கிப்பெரே என்றால் ஏற்றுக்கொள்வது. ஆக "உள்ளேற்பு". குடலைச் சேர்த்தால் குடலேற்பு. இப்போ ஒன்றைக் கவனியுங்கள், நம்ம தோட்டத்துப் பாட்டிமார் காலம் காலமாகச் சொல்கிறார்களே "குடலேத்தம்", அது என்ன? குடலேற்றம்! வெள்ளைக்காரன் பெயர் வைக்கிறதுக்கு எத்தனையோ காலம் முன்னாலேயே தமிழன் இந்த நோயை அறிந்து அதே பொருளில் பெயரும் வைத்திருக்கிறான். குடல் என்ற சொல்லையே எடுங்கள், குட என்றால் வளைவு, அதிலிருந்துதான் குடம், குடை, குடங்கை, குடக்கு எல்லாம். வளைந்து கிடப்பதால் குடல். இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்குச் செருக வேண்டும்?

என் முடிபு: குடலேற்றம்.

---

அனுப்பியவர்: ஈஜோக் அம்மா

குடலேத்தம்னா எல்லாருக்கும் தெரியும், அதையே போடுங்க டீச்சர். எங்க மாமியார்கிட்ட செருகல்னு சொன்னா சேலை கொசுவத்தத்தான் பார்ப்பாங்க.

---

அனுப்பியவர்: கிளினிக் மிஸ்ஸி

ஐயா, அக்கா, ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க, எல்லாருக்கும் தெரியும்னு சொன்னீங்கல்ல, அதனாலதான் அந்த வார்த்தை வேணாங்குறேன்.

நம்ம பக்கம் பிள்ளை வாந்தி எடுத்து வயித்தால போனா குடலேத்தம்னு சொல்லி வெளக்கெண்ணெ தடவி வயித்த நீவுறாங்க. விடாம அழுதா உரம் விழுந்திருச்சுன்னு சேலையில போட்டு உருட்டுறாங்க. சாதாரண வாந்தி பேதி ரெண்டு மூணு நாள்ல தானா நிக்கிறது, நீவுனதாலதான் நின்னுச்சுன்னு நம்பிக்கை வந்துருது. ஆனா இன்டசசெப்ஷன் அப்படி தானா சரியாகும்னு விட்டு வைக்கிற சமாச்சாரமே இல்ல. உள்ள போன குடலுக்கு ரத்த ஓட்டம் நெருக்குண்டு வீங்கும், நேரம் போகப் போக அந்தப் பகுதி செத்து ஓட்டை விழுந்துரும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும், உயிருக்கே ஆபத்தாவும் போகும். சீக்கிரம் கொண்டு வந்தா ஸ்கேன்ல பார்த்துட்டு ஆசனவாய் வழியா காத்தோ உப்புத்தண்ணியோ அளவா அழுத்தம் குடுத்து செலுத்தியே குடல வெளிய தள்ளிருவாங்க, பெரும்பாலான பிள்ளைங்களுக்குக் கத்தியே வேணாம். நோட்டிஸ்ல குடலேற்றம்னு அச்சடிச்சா அந்தம்மா அத வாசிச்சிட்டு நேரா எங்க போவாங்க? வயிறு நீவுற பாட்டி வீட்டுக்கு. அங்க ஒரு ராத்திரி போயிரும்.

மூணு மாசத்துலேர்ந்து மூணு வயசு வரைக்கும் வரும், அஞ்சு மாசத்துலேர்ந்து ஒம்பது மாசம் வரைக்கும்தான் ரொம்ப. நல்லா கொழுகொழுன்னு இருக்குற பிள்ளை திடீர்னு வீல்னு கத்தி ரெண்டு காலையும் வயித்தோட மடக்கும், கொஞ்ச நேரத்துல விட்டுரும், சும்மா கூட விளையாடும், கால்மணி இருபது நிமிஷம் கழிச்சு திரும்ப கத்தும். அந்த நடுவுல சரியாப்போனதுதான் எல்லாரையும் ஏமாத்துறது. வாந்தி பச்சையா மாறும். போகப் போக பிள்ளை துவண்டு போயி அழக்கூட தெம்பில்லாம கெடக்கும். சில பிள்ளைங்களுக்கு அழுகையே இருக்காது, துவண்டு கெடக்குறது மட்டுந்தான்.

---

அனுப்பியவர்: தெலுக் இந்தான் டிரசர்

மிஸ்ஸி சொல்றது முழுக்க சரி. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரசரா, அதாவது மருத்துவ உதவியாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். ரப்பர் காலத்துல லயத்துலேர்ந்து (தோட்டத்து வேலையாளுங்களோட வரிசை வீடு) தூக்கிட்டு வர்ற பிள்ளைங்க வயித்துல எண்ணெ மினுமினுப்பு இல்லாம வந்ததே கெடையாது, நோய் எது நீவுன வலி எதுன்னு பிரிக்கவே நேரமாகும்.

புலவரய்யாவோட ஏற்பு ஏற்றம் கணக்குக்கு வர்றேன். ஐயா, ஏற்றல்னா வாங்கிக்கிறது, அதுக்கு வேர் ஏல். ஏற்றம்னா மேல ஏறுறது, அதுக்கு வேர் ஏறு. ரெண்டும் காதுக்கு ஒண்ணா கேக்குதுன்னு சம்பந்தம் பண்ணி வைக்கக் கூடாது. பாட்டிமார் குடல் மேல ஏறிருச்சுன்னுதான் சொன்னாங்க, ஒண்ண ஒண்ணு ஏத்துக்கிச்சுன்னு சொல்லல. அதுவுமில்லாம ஔவையாரே "ஏற்பது இகழ்ச்சி"ன்னு சொல்லிட்டா, குடலேற்பும் வேணாம்.

வைத்தியச் சொல்ல தமிழ்ப்படுத்துற வேலை இன்னைக்கு நேத்து தொடங்கல. எங்க தாத்தா யாழ்ப்பாணத்துலேர்ந்து ரயில்வே கிராணி (கிளார்க்) வேலைக்கு வந்தவர், அவர் வீட்டுப் பெட்டியில பழைய வைத்தியப் புஸ்தகம்லாம் இருந்துச்சு. 1847ல இலங்கைக்கு வந்த அமெரிக்க டாக்டர் கிறீன், மானிப்பாயில தமிழ்லயே இங்கிலீஷ் வைத்தியம் சொல்லிக் குடுத்தவர். அறுவை சிகிச்சைக்கு இரணவைத்தியம்னு பேரு, உடற்கூறுக்கு அங்காதிபாதம்னு பேரு. எல்லாத்தையும் உக்காந்து தமிழ்ப்படுத்தினார் மனுசன்.

---

அனுப்பியவர்: சுங்கை சிப்புட் புலவர்

அங்காதிபாதம் தமிழா டிரசர் ஐயா? இரணம் தமிழா? கிறீன் அவர்கள் உழைப்பை வணங்குகிறேன், அவர் காலத்து வடமொழி கலந்த மணிப்பிரவாளத்தை வணங்க முடியாது. அந்தச் சொற்கள் இன்று எங்கே? ஒரு மாணவனுக்காவது அங்காதிபாதம் தெரியுமா?

ஏல், ஏறு வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் வேர்நிலையில் ஏ என்ற ஓரெழுத்தே உயர்ச்சியைக் குறிக்கும், ஏண், ஏந்து, ஏணி, ஏறு எல்லாம் அங்கேதான் கூடுகின்றன, ஏல் மட்டும் எங்கே போகும். இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

---

அனுப்பியவர்: ரவாங் தம்பி

தனி மடல்னா தனியாவே இருக்கட்டும் ஐயா 🙏

---

அனுப்பியவர்: பெஸ்தாரி டீச்சர்

இன்னைக்கு புதன். ஞாபகப்படுத்துறேன், அவ்ளோதான்.

இன்னொண்ணு கேக்கணும். மலம் ரெட்கரண்ட் ஜெல்லி மாதிரி இருக்கும்னு இங்கிலீஷ் தாள்ல இருக்கு. அந்தப் பழத்த நானே பார்த்ததில்ல, எப்படி எழுதுறது?

---

அனுப்பியவர்: ஈஜோக் அம்மா

ரோஸ் சிரப் ஊத்தின அகார் அகார் மாதிரின்னு எழுதுங்க. ஒரு நோன்புப் பெருநாள் போனவங்களுக்குக் கூட புரியும்.

---

அனுப்பியவர்: கிளினிக் மிஸ்ஸி

அக்கா சூப்பர். அதையே போடலாம், கூடவே ரத்தமும் சளியும் கலந்துன்னு தெளிவா போட்டுருங்க, இல்லாட்டி செவப்பு டிராகன் பழம் சாப்பிட்ட பெரிய பிள்ளை பேம்பர்ஸ பார்த்துட்டு எல்லாரும் ஓடி வந்துருவாங்க (வந்திருக்காங்க). முக்கியமா ரத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்கன்னு தடிச்ச எழுத்துல வேணும். அது பிந்தித்தான் வரும், நிறைய பிள்ளைங்களுக்கு வராமயே இருக்கும்.

---

அனுப்பியவர்: சுங்கை சிப்புட் புலவர்

சரி, மிஸ்ஸி அம்மா சொன்ன காரணத்தால் குடலேற்றத்தை விட்டுக்கொடுக்கிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் செருகல் என்றால் யாரோ கையால் செருகினது போல் இருக்கிறது. செருகு செயப்படுபொருள் கேட்கும் வினை. குடலை யார் செருகினார்? தானாக நிகழ்வதற்குப் புகுதல்தான் பொருந்தும். குடற்புகல். அது வேண்டாம், செருகல்தான் வேண்டும் என்றால் குறைந்தது குடற்செருகல் என்று எழுதுங்கள். லகரத்தின் பின் வல்லினம் வந்தால் வேற்றுமையில் றகரமாகும் என்று நன்னூல் சொல்வது ஆசிரியருக்குத் தெரியாததா?

---

அனுப்பியவர்: தெலுக் இந்தான் டிரசர்

ஐயா, "கண் செருகிருச்சு"ன்னு சொல்றோமே, அங்க யாரு கையால செருகினா? தானா நடக்குறதுக்கும் செருகு வரும். முதல்ல நீங்களே செயப்படுபொருள் கேட்டீங்க, அதே மூச்சுல வேற்றுமையா அல்வழியான்னு அடுத்த சண்டை. குடல் செருகுதுன்னு எழுவாயா எடுத்தா அல்வழி, அதாவது வேற்றுமை அல்லாத சேர்க்கை. அல்வழியில உறழ்ச்சின்னு அதே நன்னூல்தான் சொல்லுது, திரிஞ்சாலும் சரி திரியாட்டியும் சரி.

---

அனுப்பியவர்: சுங்கை சிப்புட் புலவர்

குடலது செருகல். ஆறாம் வேற்றுமைத் தொகை. திரியத்தான் வேண்டும்.

---

அனுப்பியவர்: ரவாங் தம்பி

அதே விதியில லகரத்துக்குப் பின்னால மெல்லினம் வந்தா னகரமாகும்தானே ஐயா? அப்போ பால் + மரம் (ரப்பர் மரத்துக்கு நாங்க சொல்ற பேரு) பான்மரம். எங்க ஆத்தா முப்பது வருஷம் பால்மரம் வெட்டினாங்க, ஒரு நாளும் பான்மரம் வெட்டல.

---

அனுப்பியவர்: சுங்கை சிப்புட் புலவர்

உங்கள் ஆத்தா வெட்டியது மரத்தை. நீங்கள் வெட்டுவது இலக்கணத்தை.

---

அனுப்பியவர்: கிளினிக் மிஸ்ஸி

ற் போடுறதுல எனக்கு ஒரு சின்ன பயம். குடற்னு பார்த்தா பாதிப் பேருக்கு அது குடல்னு தெரியாது, குடல்னு தனியா நின்னா வாசிக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் வயித்துக்குள்ள இருக்குறதுன்னு தெரியும்.

இன்னொண்ணு, தமிழ்ப்பேரு என்னவா இருந்தாலும் பக்கத்துலயே இன்டசசெப்ஷன்னு தமிழ் எழுத்துல போடுங்க டீச்சர். தஞ்சோங் காராங் போனாலும் சுங்கை பூலோ போனாலும் எமர்ஜென்சியில இருக்குற டாக்டருக்கு குடல் செருகலும் தெரியாது குடற்புகலும் தெரியாது. அந்தம்மா அங்க போயி வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லணும்ல.

---

அனுப்பியவர்: ஈஜோக் அம்மா

ஒரு சந்தேகம் மிஸ்ஸி. ரோட்டா தடுப்பூசி போட்டா இது வரும்னு வாட்சாப்ல ஓடுது, நெஜமா? நோட்டிஸ்ல அத எழுதுவீங்களா?

---

அனுப்பியவர்: கிளினிக் மிஸ்ஸி

கொஞ்சம் நெஜம், நிறைய பயமுறுத்தல். ரோட்டாஷீல்டுனு முதல்ல வந்த மருந்தால இந்த நோய் கூடுதுன்னு தெரிஞ்சு 1999லயே அமெரிக்காவுல நிறுத்திட்டாங்க. இப்ப இருக்குற மருந்து வேற, அதுலயும் ஆபத்து சுத்தமா இல்லாம இல்ல, ரொம்ப ரொம்ப கம்மி. ரோட்டா பேதியில தண்ணி வத்திப்போற பிள்ளைங்க அத விட எவ்வளவோ ஜாஸ்தி. அது ஊசி கூட இல்லக்கா, வாய்ல விடுற சொட்டு. நோட்டிஸ்ல இடம் இல்ல, கூட்டத்துல சொல்றேன், சொட்டு போட்ட வாரத்துல இப்படி விட்டு விட்டு அழுதா உடனே கொண்டு வாங்கன்னு.

---

அனுப்பியவர்: பெஸ்தாரி டீச்சர்

வெள்ளி காலை. இதுவரைக்கும் எழுதினவங்க கருத்த வச்சுப் பார்த்தா குடல் செருகல்தான் நிக்குது, புலவரய்யா மட்டும் குடற்செருகல், அதுவும் அரை மனசா. இப்படிப் போட்டு அனுப்பிட்டேன்:

"குடல் செருகல் (இன்டசசெப்ஷன்): குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வது. இது குடலேற்றம் அல்ல, உரம் விழுந்ததும் அல்ல. வயிற்றை நீவாதீர்கள், பிள்ளையை உருட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சரிசெய்த பிறகும் பத்தில் ஒரு பிள்ளைக்குத் திரும்ப வரலாம், அதே மாதிரி அழுதால் மறுபடியும் கொண்டு போங்கள்."

---

அனுப்பியவர்: சுங்கை சிப்புட் புலவர்

என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்கிறேன். மறுபதிப்பு வந்தால் ற் போடவும். ஏல் பற்றிய கட்டுரை பாதி எழுதியாயிற்று.

---

அனுப்பியவர்: தெலுக் இந்தான் டிரசர்

சொல் சரி டீச்சர். ஆனா "நீவாதீர்கள், உருட்டாதீர்கள்"னு போட்டது எனக்கு ஒரு மாதிரி இருக்கு. வயிறு நீவுற பாட்டிங்க காசுக்கு ஆசைப்பட்டு செய்யல, ஆஸ்பத்திரி பக்கத்துல இல்லாத காலத்துல லயத்துக்கு அவங்கதான் ஆளு. நோட்டிஸ்ல இப்படி அடிச்சா அவங்கள குத்தம் சொல்ற மாதிரி ஆயிரும், நாளைக்கு பிள்ளைய நீவினத ஆஸ்பத்திரியில மறைப்பாங்க, அது இன்னும் மோசம்.

---

அனுப்பியவர்: கிளினிக் மிஸ்ஸி

அந்த வரிய எடுக்க ஒத்துக்க மாட்டேன் அண்ணே. அவங்களயும் கூட்டத்துக்குக் கூப்பிட்டுருவோம், விட்டு விட்டு அழுற பிள்ளையும் பச்சை வாந்தி எடுக்குற பிள்ளையும் வந்தா தொடாம அனுப்பி வைங்கன்னு நேர்லயே கேட்டுக்குறேன்.

---

அனுப்பியவர்: பெஸ்தாரி டீச்சர்

நம்ம பக்கம் அந்த வேலை செய்றவங்க ரெண்டு பேர். ஒருத்தர் வர்றேன்னுட்டாங்க. இன்னொருத்தர்கிட்ட மகன் மூலமா சொல்லி அனுப்பிருக்கேன், பதில் வரல. டிரசர் அண்ணே, ஞாயித்துக்கெழம உங்களால வரமுடியுமா? நீங்க பேசினா அவங்க கேப்பாங்க.