மறு: 'அக்யூட் கேஸ்ட்ரிக் டைலட்டேஷன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

'அக்யூட் கேஸ்ட்ரிக் டைலட்டேஷன்' என்பது இரைப்பை திடீரென்று பெரிதாக விரிந்துவிடும் நோய். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டதற்கு, இதுவரை 'வயிற்று உப்புசம்', 'இரைப்பை வீக்கம்', 'இரைப்பைப் பெருக்கம்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மதுரையில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நோய்களுக்குக் குறியீடு போடுவது என் வேலை. இந்தச் சொற்கள் என் மேசைக்கு வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்கிறேன்.

உப்புசம் நல்ல சொல்தான். மேலூர்ப் பக்கம் மாட்டுக்கு வந்தாலும் உப்புசம், மனிதருக்கு வந்தாலும் உப்புசம். ஆனால் அது அறிகுறி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் அதற்கு ஆர் 14 என்று தனி இடம் இருக்கிறது. நாம் பேசும் நோய் கே 31.0. வெறும் வாயுவாலும் வயிறு உப்பும், குடல் அடைப்பாலும் உப்பும். இந்த நோயில் காற்றும் நீரும் தேங்கி இரைப்பையே பெரிதாக விரிகிறது. எக்ஸ்ரேயில் மேல்வயிற்றை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கருநிழல் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பின் வரலாம். நாள்கணக்கில் பட்டினி கிடந்தவர் ஒரேயடியாகச் சாப்பிட்டாலும் வரலாம். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் ரத்த ஓட்டம் நின்று இரைப்பைச் சுவர் அழுகி ஓட்டை விழும். அதனால்தான் மூக்கு வழியே குழாய் விட்டு முதலில் காலி செய்கிறார்கள். இவ்வளவையும் 'உப்புசம்' என்று எழுதிவிட்டால் குறியீடு ஆர் 14-க்குப் போய்விடும், நோய் பதிவிலேயே இருக்காது.

வீக்கம் வேண்டவே வேண்டாம். உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவரின் தாளில் யாரோ 'வயிற்று வீக்கம்' என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த மகன் கட்டி என்று நினைத்து, "புத்துநோயாக்கா?" என்று என்னிடம் வந்து அழுதார். குழாய் போட்டு மறுநாளே அப்பாவின் வயிறு தணிந்துவிட்டது. அந்த ஒரு இரவு மகன் பட்ட பாட்டுக்கு ஒரு தவறான சொல்தான் காரணம்.

பெருக்கம் என்றால் தசை தடிப்பது. இங்கே சுவர் இழுபட்டு மெலிகிறது. அதோடு, அடுத்த குறியீடான கே 31.1 இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழியில் தசை தடித்துச் சுருங்குவது. அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

ஆகவே 'விரிவு'. சரி, 'அக்யூட்'? 'கடும்' எவ்வளவு மோசம் என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு விரைவில் வந்தது என்பதைச் சொல்லாது. 'அக்யூட்' என்ற அடைமொழியையே விட்டுவிட்டால் குறியீடு, 'பிற நோய்கள்' என்ற கே 31.8-க்குப் போய்விடும். எனவே 'திடீர்'. ஆனால் 'திடீர் இரைப்பை விரிவு' என்றால் 'திடீர்' இரைப்பையோடு ஒட்டிக்கொள்கிறது, கடையில் விற்கும் திடீர் சாம்பார் மாதிரி. மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்:

இரைப்பைத் திடீர் விரிவு.

அறுவை மருத்துவர்களிடம் ஒரு கேள்வி. 'டிஸ்டென்ஷன்' என்பதற்கு 'உப்பல்', 'டைலட்டேஷன்' என்பதற்கு 'விரிவு' என்று பிரித்துக்கொண்டால் உங்கள் குறிப்புகளில் இடிக்குமா?