பாஸ் ஃபிரேம் எண்ணிக்கை ஏறுகிறது: ஃப்ளோ கண்ட்ரோலை அணைக்கலாமா?

அச்சகம்_காரைக்குடி:
நாஸ் (எல்லாருக்கும் பொதுவான நெட்வொர்க் ஃபைல் சேமிப்புப் பெட்டி) 10 ஜிகாபிட், மற்ற கணினிகள் 1 ஜிகாபிட். பின்கட்டில் இருக்கும் ஒரு கணினிக்குப் பெரிய ஃபைல் போனால் எல்லாருக்கும் வேகம் படுத்துவிடுகிறது. அப்போது நாஸ் போர்ட்டில் ஸ்விட்ச் அனுப்பும் பாஸ் ஃபிரேம் (‘கொஞ்சம் நிறுத்து’ என்ற சிக்னல்) கணக்கு எகிறுகிறது. நாஸே பழுதா?

தேவகோட்டை_வயர்மேன்:
நாஸைக் குறை சொல்லாதீங்க. பின்கட்டுக் கணினி எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது? 100 மெகாபிட்டாக இருக்கும். 1 ஜிகாபிட்டுக்கு கேபிளின் 4 ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் 100க்கு இறங்கிவிடலாம். நம்மூர் வீடுகளில் வளவைச் சுற்றிக் கொண்டுபோனால் 100 மீட்டர் வரம்பு சீக்கிரம் தீர்ந்துபோகும், அதையும் அளந்துடுங்க.

கண்டனூரான்:
அண்ணன் சொன்னது சரி. காரணம் இதுதான்: பின்கட்டுக் கணினி போர்ட்டின் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பியதும் ஸ்விட்ச் நாஸை நிறுத்தச் சொல்கிறது. 802.3எக்ஸ் என்ற ஈதர்நெட் தரத்தின் பாஸ் ஆளைப் பார்த்து நிறுத்தாது, மொத்த லிங்கையும் நிறுத்தும். ஒருவர் மெதுவானால் பத்துப் பேர் காத்திருக்க வேண்டியதுதான்.

நாஸ் போர்ட்டில் மட்டும் ஃப்ளோ கண்ட்ரோலை (இந்த பாஸ் ஏற்பாட்டை) நாஸ், ஸ்விட்ச் இரு பக்கமும் அணையுங்க (லிங்க் ஓரிரு விநாடி விழும், வேலை நேரத்தில் வேண்டாம்). பிறகு ட்ராப் (ஸ்விட்ச் கைவிடும் பாக்கெட்) கணக்கு கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்து டிசிபி (டேட்டாவைக் கொண்டுபோகும் நெறிமுறை) தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆர்டிஎம்ஏ (ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாக அனுப்பும் முறை) ஸ்டோரேஜ் என்றால் கதை வேறு, அங்கே 802.1க்யூபிபி (வகுப்புவாரியாக பாஸ் செய்யும் தரம்) வைத்து அந்த ஒரு டிராஃபிக் வகுப்பை மட்டும் நிறுத்தலாம்.

தேவகோட்டை_வயர்மேன்:
இன்னொன்று. ஹேங் ஆன கணினியின் நெட்வொர்க் கார்டே விடாமல் பாஸ் அனுப்புவதும் உண்டு. 1 ஜிகாபிட்டில் ஒரு ஃபிரேம் அதிகபட்சம் 33 மில்லிவிநாடிதான் நிறுத்தும், ஆனால் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஸ்விட்சில் பாஸ் உள்ளே வரும் போர்ட்டைப் பார்த்து அந்தக் கேபிளைப் பிடுங்குங்க.