'பிட்டர் எண்ட்'ல கசப்பே இல்லையாம்! கப்பல் இங்கிலீஷ்ல நீங்க மாட்டின கதை?

பழைய கேடட்:
முதல் கப்பல், ஏறி நாலு நாள். சீஃப் ஆபீசர், "பிட்டர் எண்ட் பாத்திருக்கியா?"ன்னார். மிரட்டுறார்னு நினைச்சு "சாரி சார்"னேன். தூத்துக்குடிக்கார போசன் (டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி மாதிரி) சிரிச்சுக்கிட்டே முன்பக்கம் கூட்டிட்டுப் போனார். நங்கூரச் சங்கிலி குவியுற அறை. வெளிச்சுவர்ல ஒரு பின். "தம்பி, பத்துப் பன்னிரண்டு ஷாக்கிள் சங்கிலியையும் கப்பலோட பிடிச்சிருக்கிறது இது ஒண்ணுதான்." ஒரு ஷாக்கிளே 27.5 மீட்டர்! பாய்க்கப்பல் காலத்துல சங்கிலிக்குப் பதில் வடம், அதைச் சுத்துற கட்டைக்குப் பேரு 'பிட்'. பிட் பக்கம் இருக்கிற கடைசி முனைதான் 'பிட்டர் எண்ட்'. வடம் அதுவரைக்கும் ஓடிட்டா, மேல விட ஒண்ணுமில்ல. அவர் உள்ளங்கையால அந்தப் பின்னை ரெண்டு தட்டு தட்டினது இன்னும் காதுல கேக்குது. ஸ்கூல்ல 'கசப்பான முடிவு'ன்னு எழுதி மார்க் வாங்கினவன் நான்.

ராத்திரிப்பறவை:
எனக்கு வந்தது 'ஷீட்'. சப்டைட்டில் வேலை, ராத்திரி ரெண்டு மணி. படத்துல ஒரு குடிகாரனை 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்'ங்கிறான். 'மூணு போர்வை காத்துல பறக்குது'ன்னு அடிச்சு அனுப்பிட்டேன். ஷீட்னா துணியே இல்லையாம், பாயோட கீழ் முனையை இழுத்துப் பிடிக்கிற கயிறாம். கயிறு நழுவினா பாய் படபடன்னு அடிச்சு கப்பலே தள்ளாடும். அந்தப் படத்தை அம்மாவோட உக்காந்து பாத்தேன். "யாரோட போர்வைடி?"ன்னாங்க.

சந்தேகப்பிராணி:
கேடட் சார், கசப்பே இல்லைன்னு அடிச்சுச் சொல்லாதீங்க. நீதிமொழிகள் 5:4 பாருங்க, 'முடிவோ எட்டியைப்போலக் கசப்பும்'னு இருக்கு. அதுவும் கலந்திருக்கலாம்னு சொல்றவங்க உண்டு. நான் ஒரு இண்டர்வியூல, பகட்டைச் சொல்ற 'போஷ்'ங்கிற வார்த்தை வந்த கதையை அளந்து மாட்டினேன். இந்தியாவுக்குப் போக இடப்பக்கம், திரும்ப வலப்பக்கம், நிழல் ரூம் கேட்ட பணக்காரங்க, டிக்கெட்ல 'Port Out, Starboard Home', அதோட முதல் எழுத்துங்கதான் POSHன்னு. "அப்படி அச்சடிச்ச டிக்கெட் ஒண்ணு காட்டுங்க"ன்னார் எதிர்ல இருந்தவர். ஒண்ணுகூட கிடைச்சதில்லை. அதனால சொல்றேன், பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர்றவங்க ஆதாரம் இருக்கிறதாப் பிடிங்க. 'கிராகி' நல்ல உதாரணம். 1740ல அட்மிரல் வெர்னன், மாலுமிங்க ரம்முல தண்ணி கலக்கச் சொன்னார். அவர் போட்ட குரோகிராம் துணிக் கோட்டால பட்டப்பேரு 'ஓல்ட் கிராக்'. அது சரக்குக்கும் பேராச்சு, குடிச்சுக் கிறங்கி நின்னவன் கிராகி ஆனான். பிரிட்டிஷ் கடற்படையில அந்த ரம் படி 1970 ஜூலை 31 வரைக்கும் ஓடுச்சு. மத்த கதைங்களையும் அகராதியில முதல் வருஷம் பாத்துட்டு அப்புறம் பேசுங்க. வாட்ஸப்ல வந்ததை அப்படியே ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

பழைய கேடட்:
நான் எங்க சார் ஃபார்வர்ட் பண்ணேன்? கண்ணால பாத்த பின்னைச் சொன்னேன்.

ராத்திரிப்பறவை:
அதெல்லாம் இருக்கட்டும், அந்த வேலை கிடைச்சுதா?