கட்லரின் பேய் உடையை மேடையில் ஒளிர வைப்பது எப்படி?

அலைவாய்:
ஸ்கூபி டூ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் இரண்டாவது அத்தியாயத்தை (1969 செப்டெம்பர் 20) திருகோணமலையில் பிள்ளைகள் மேடையேற்றப் போகினம். கப்டன் கட்லரின் பேய் பழைய சுழியோடி உடையில் ஒளிர்ந்தபடி கடலால எழும்பி வருமே, அதுதான். ஒளிரும் கடற்பாசி என்று கதையில் விளக்கம் வருது. எங்கட கடலும் சில இரவுகளில் மின்னுது. அந்தத் தண்ணியில் உடையை நனைச்சால் சரிவருமா?

கடற்குச்சி:
சரிவராது. மின்னுவது பாசி இல்லை, நொக்டிலூக்கா போன்ற ஒற்றைக்கல உயிர்கள். துடுப்போ அலையோ அசைக்கும்போது மட்டும் கணப்பொழுது மின்னும். துணியில் ஏறிக் காய்ந்தால் செத்துப்போகும்.

வெளிச்சத்தை வாங்கி வைத்து இருட்டில் ஒளிரும் ஸ்ட்ரோன்சியம் அலுமினேற்றுத் தூள் வாங்குங்கோ. நாக சல்பைட்டு மலிவு, ஆனால் கெதியில் மங்கிவிடும். நிறமற்ற அக்ரிலிக் பூச்சு 70 கிராமுக்குத் தூள் 30 கிராம். முதலில் வெள்ளைப் பூச்சு கட்டாயம், கறுப்புத் துணி ஒளியை விழுங்கிவிடும். அதன்மேல் இரண்டு மூன்று தடவை பூசுங்கோ. அக்ரிலிக்கில் தண்ணீர் இருப்பதால் நீர்புகாத வகைத் தூளாகக் கேட்டு வாங்க வேணும். மற்றது ஈரத்தில் சிதைந்துவிடும். உலோகக் கரண்டி வேண்டாம். தூள் அதைச் சுரண்டிக் கலவையைச் சாம்பலாக்கும். தூள் அடியில் படியும், ஒவ்வொரு முறையும் குச்சியால் கிளறிவிட்டுப் பூசுங்கோ. தூளை அள்ளும்போது முகக்கவசம் போடுங்கோ.

உள்துறை:
வெளிச்சத்தையும் கவனியுங்கோ. பூசின உடையை வெயிலில் 10 நிமிடம் காட்டினால் போதும், ஆனால் முதல் சில நிமிடங்களிலேயே பிரகாசம் பாதிக்குமேல் இறங்கிவிடும். அதனால் பேய் வெளிப்படுவதற்குச் சற்று முன்னர்தான் ஒளியூட்ட வேணும். மேடை ஓரத்தில் புறஊதாக் குழல்விளக்கு ஒன்று இருந்தால் கவலையே இல்லை. திறந்தவெளி மேடையென்றால் முழுநிலா நாளைத் தவிருங்கோ.

பாய்மரம்:
செம்புத் தொப்பியைப் பலூன்மேல் பத்திரிகைத் தாள் ஒட்டிச் செய்யலாம். கண்ணாடி வைக்காதேங்கோ, கறுப்பு வலை போதும். பின்னால் இரண்டு துளை விடுங்கோ, இல்லாட்டி வெப்பமும் மூச்சுக்காற்றும் உள்ளேயே தேங்கும். பாரம் கழுத்தில் இல்லாமல் பஞ்சு வளையத்தால் தோளில் தங்க வேணும்.

உண்மையான உடை ஈயக் காலணியோடு ஏறக்குறைய 80 கிலோ. காற்று மேலே வள்ளத்திலிருந்து குழாயால் வரும். ஆகவே முன்னுக்குச் சாய்ந்து, காலை இழுத்து இழுத்து நடக்கப் பழக்குங்கோ. பயமே அந்த நடையில்தான் இருக்கு.

கதையில் வரும் கப்பல் இடுகாட்டின் பின்திரைக்கு சகாயிங் கப்பலின் படங்களைப் பாருங்கோ. 1942 ஜப்பானியத் தாக்குதலில் சேதமாகி, எங்கட துறைமுகத்தில் கிடந்து, 2018இல் கடற்படை தூக்கினது. பாசிக்குத் துணிக்கீலம் வெட்டிப் பூசுங்கோ. கரையில் பொறுக்கும் பாசி நாறும், மேடையும் வழுக்கும்.