மியன்மாரிலும் மலேசியாவிலும் டெலினார்: முடிவு ஏன் வேறுபட்டது?

செந்தூல்வாசி:
என்னுடன் பணிபுரியும் மியன்மார் நண்பரின் ஊரில் ஒரு காலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற சிம் அட்டை, 2014இல் நார்வேயின் டெலினாரும் கத்தாரின் ஊரிடூவும் கைப்பேசிச் சேவையைத் தொடங்கியபின் 1,500 கியாட்டுக்குக் கிடைத்தது. ஆனால் 2022இல் டெலினார் அங்கிருந்து வெளியேறிவிட்டது. இங்கே மலேசியாவிலோ, அதே ஆண்டு செல்காம் நிறுவனமும் டெலினார் பங்கு வைத்திருந்த டிஜி நிறுவனமும் இணைந்தபோது 33.1 விழுக்காட்டுப் பங்குடன் நிலைத்தது. அந்நியப் பங்குக்கு நாம் வரம்பு வைத்ததுதான் காரணமா?

பழைய டெலிகாம்காரன், பட்டர்வொர்த்:
வரம்பை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் தப்பிவிடும், தம்பி. 1985இல் நார்டிக் (வட ஐரோப்பிய) தரத்தில் அமைந்த ‘ஆட்டூர் 450’ கார்த் தொலைபேசி வந்தபோது, தொலைபேசி இங்கே அரசுத் துறையாகவே இருந்தது. 1987இல்தான் அது நிறுவனமாக மாறியது. (அந்தக் கருவியைத் தூக்கி வர ஓர் ஆளை வேலைக்கு வைக்க வேண்டும் என்று நாங்கள் கேலி பேசுவோம்.) ஆக, அந்நியத் தொழில்நுட்பம் அந்நிய முதலீட்டுக்கு முன்பே வந்துவிட்டது. கருவியை விலைக்கு வாங்கிவிடலாம். நாடெங்கும் கோபுரம் நடுவதற்கான பணத்துக்குத்தான் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. 1997-98 நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தபோது நம் வரம்பும் தளர்ந்தது. டிஜியில் டெலினாரின் பங்கு 61 விழுக்காடு வரை உயர்ந்து, பின்னர் 49க்கு இறங்கியது.

பிரிக்பீல்ட்ஸ் ரமணி:
ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். புதிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பழைய நிறுவனத்தின் எண்ணை அழைக்க வேண்டுமே! அந்த இணைப்புக்கான கட்டணத்தைப் பழைய நிறுவனமே முடிவு செய்யும் நாட்டில், எத்தனை கோடி கொட்டினாலும் சந்தை பெயரளவுக்கே திறந்திருக்கும். உலக வணிக அமைப்பின் 1997 தொலைத்தொடர்பு உடன்பாட்டையொட்டி எழுந்த நெறிமுறை ஆவணம் இணைப்பு உரிமையையும் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பையும் வலியுறுத்தியது இதனால்தான். இங்கே 1998ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியாக ஓர் ஆணையம் உருவானது. அமைச்சரின் நிழல் அதன்மீது விழுவதில்லை என்று நான் வாதிட மாட்டேன். மியன்மாரிலோ ஒழுங்குமுறை அமைச்சின் துறையிடமே இருந்தது; அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்பிடியும் அதே அமைச்சின் கீழ் இயங்கியது.

செந்தூல்வாசி:
அப்படியென்றால், 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் வந்த ஆணைகளை எதிர்த்து முறையிட டெலினாருக்கு வேறு இடமே இருக்கவில்லையா?

பிரிக்பீல்ட்ஸ் ரமணி:
இருக்கவில்லை. ஒட்டுக்கேட்புக் கருவிகளை இயக்கச் சொல்லி அழுத்தம் வந்ததை அந்நிறுவனமே வெளியேறும் காரணமாகக் கூறியது. 10.5 கோடி டாலருக்கு டெலினார் விற்ற மியன்மார் நிறுவனத்தோடு வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளும் சேர்ந்தே கைமாறின.