நாய் மடிக்கட்டி, டிவிடி (புணர்ச்சியால் பரவும் கட்டி): எக்ஸோம் சீக்வென்சிங்குக்கு சாம்பிள் எடுப்பது எப்படி? (புதுச்சேரி)

குரும்பாபேட்_பிஜி

வணக்கம். புதுச்சேரி, கடலூர் சுற்றுவட்டாரத்தில் அறுவை செய்து எடுக்கும் நாய் மடிக்கட்டிகளின் மரபணு மாற்றங்களை மனித மார்பகப் புற்றோடு ஒப்பிட ஒரு திட்டம் எழுதுகிறேன். இங்கே கருத்தடை செய்யாத பெட்டைகள் அதிகம், அதனால் கட்டிக்குப் பஞ்சமில்லை. தெருநாய்களின் டிவிடியையும் சேர்த்துக்கொள்ளலாமா? பாரஃபின் பிளாக்கே (ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசு) போதுமா, புதுத் திசு வேண்டுமா? நிதி பத்து எக்ஸோமுக்குத்தான் (டிஎன்ஏவில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிப்பது) வரும். நார்மல் சாம்பிளை (அதே நாயின் கட்டியில்லாத திசு அல்லது ரத்தம்) விட்டுவிட்டுப் பத்தையும் கட்டிக்கே செலவிடலாமா?

பேத்தாலஜி_லாஸ்பேட்டை

நார்மலை விடவே விடாதீர்கள் டாக்டர். மனிதருக்கு லட்சக்கணக்கானோரின் பிறவி வேறுபாடுகளைத் தொகுத்த தரவு இருப்பதால் நார்மல் இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். நாய்க்கு, நாய் ஜீனோம்களைத் திரட்டிய டாக்10கே தொகுப்பிலேயே கிட்டத்தட்ட 2,000 நாய்கள்தான். நம் நாட்டு நாயின் பிறவி வேறுபாடுகளில் பல அதில் இருக்காது. அவையெல்லாம் கட்டியில் புதிதாக வந்த மாற்றம்போல் பட்டியலில் வந்து உட்காரும். நார்மல் இல்லாத பத்துக் கட்டியைவிட, ஜோடியாக ஐந்தே மேல்.

நார்மலுக்கு 2–3 மி.லி. ரத்தம் ஈடிடிஏ (ரத்தம் கட்டாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுங்கள். ஹெப்பாரின் வேண்டாம், அது பிசிஆரைத் (டிஎன்ஏவைப் பல பிரதியாக்கும் முறை) தடுக்கும். ரத்தத்தை உறைய விடாமல் 4 டிகிரியில் வைத்து, சில நாட்களுக்குள் டிஎன்ஏ பிரித்துவிடுங்கள்.

கட்டியை எடுத்ததும் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஹிஸ்டாலஜிக்கும் (நுண்ணோக்கிப் பரிசோதனை) எதிர்ப் பாதியை ஆர்என்ஏலேட்டருக்கும் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்) அனுப்புங்கள். துண்டின் தடிமன் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் திரவம் உள்ளே இறங்குமுன் நடுப்பகுதி கெட்டுவிடும். திசுவைப்போல் 5 முதல் 10 மடங்கு திரவம், ஓர் இரவு 4 டிகிரி, பிறகு மைனஸ் 80. பெரிய கட்டியின் நடுவில் பெரும்பாலும் செத்த திசுதான் இருக்கும், ஓரத்திலிருந்து வெட்டுங்கள். ஆர்என்ஏலேட்டர் 25 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும், 37 டிகிரியில் ஒரே நாள்தான். கத்திரி வெயிலில் சென்னைக்கு அனுப்பும்போது ஐஸ் பேக் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

பாரஃபின் பிளாக் கூடாது என்றில்லை. 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், திசுவைப்போல் 10 மடங்கு, 24–48 மணி நேரம். பஃபர் இல்லாத ஃபார்மலினில் ஃபார்மிக் அமிலம் சேர்ந்து டிஎன்ஏவை நறுக்கிவிடும். எலும்பு கலந்த மிக்ஸ்டு டியூமரைச் சுண்ணாம்பு நீக்க அமிலம் போட்டால் அந்த பிளாக் சீக்வென்சிங்குக்கு உதவாது. ஈடிடிஏ போட்டுப் பொறுமையாகச் செய்யுங்கள்.

இன்னொன்று, நாய்க்கு ஐந்து ஜோடி மடி. ஒரே நாயில் மூன்று முடிச்சு இருந்தால் மூன்றும் தனித்தனியாகப் பிறந்த கட்டிகளாக இருக்கலாம். இடம்/வலம், எத்தனையாவது மடி என்று எழுதித் தனித்தனிக் குழாயில் போடுங்கள். கலந்துவிட்டால் எந்த மாற்றம் எந்தக் கட்டியுடையது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

தரவு_கடலூர்

அனலிசிஸ் பக்கம் மூன்று இடங்களில் சறுக்கும்.

முதலில் ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி ஜீனோம். 2005-இல் வெளியான நாய் ஜீனோம் டாஷா என்ற பாக்ஸருடையது, கேன்ஃபேம்3.1 அந்த வரிசையில் வந்தது. கேன்ஃபேம்4 ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுடையது. உங்கள் எக்ஸோம் கிட்டின் டார்கெட் ஃபைல் (கிட் படிக்கும் பகுதிகளின் பட்டியல்) எந்தப் பதிப்பில் இருக்கிறதோ அதிலேயே அலைன் செய்யுங்கள் (பொருத்தி வரிசைப்படுத்துங்கள்), இல்லையென்றால் ஃபைலை முறையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றை மற்றதோடு கலந்தால் கவரேஜ் (எந்த இடம் எத்தனை முறை படிக்கப்பட்டது) கணக்கே பொய். கட்டிக்கு 150 மடங்கு, நார்மலுக்கு 60–80 மடங்கு ஆழம் கேளுங்கள்.

இரண்டாவது, ஃபார்மலின் விட்டுச்செல்லும் சி→டி (சைட்டோசின் தைமினாகத் தெரியும்) மாற்றங்கள். சைட்டோசின் யுராசிலாக மாறுவதால் வருபவை இவை. யுடிஜி என்சைம் யுராசிலை நீக்கும். ஆனால் மெத்தில் ஒட்டிய சைட்டோசின் நேரடியாகத் தைமினாகிவிடும், அதை யுடிஜியால் தொட முடியாது. அதனால் படித்த பிரதிகளில் 5–10 சதவீதத்துக்குக் கீழே வரும் சி→டி மாற்றம் எதையும் வேறு முறையில் உறுதி செய்யாமல் எழுதாதீர்கள்.

மூன்றாவது, மனிதரோடு ஒப்பிடும்போது அமினோ அமில எண். நாயின் பிராஃப் மரபணுவின் வி595இ மாற்றமே (595ஆம் அமினோ அமிலம் வி-யிலிருந்து இ-யாவது) மனிதரின் வி600இ. 600 என்று தேடினால் கிடைக்காது, இரண்டு புரதத்தையும் அருகருகே அலைன் செய்துதான் பார்க்க வேண்டும். உங்கள் மடிக்கட்டிக்கு முக்கியமான பிஐகே3சிஏ மரபணுவின் ஹெச்1047ஆர் மாற்றம் நல்லவேளையாக இரண்டிலும் ஒரே எண்.

உறுப்பின் பெயரை வைத்து "மாடல்" என்று எழுதாதீர்கள் என்பதற்கும் பிராஃபே நல்ல சாட்சி. நாயின் சிறுநீர்ப்பைப் புற்றில் பெரும்பாலானவற்றில் இந்த மாற்றம் உண்டு. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றில் அது அபூர்வம். மெலனோமாவிலும் தைராய்டு புற்றிலும்தான் அடிக்கடி வரும். எந்த மரபணு, எந்தப் பாதை ஒத்துப்போகிறது என்பதே உங்கள் வாதமாக இருக்கட்டும்.

தெருநாய்_மருத்துவர்

டிவிடியை இதே திட்டத்தில் சேர்க்காதீர்கள் தம்பி. அது அந்த நாயின் செல்லிலிருந்து பிறந்த கட்டியே அல்ல. பல்லாயிரம் ஆண்டுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரு நாயின் செல், புணர்ச்சி வழியாக நாய் நாயாகத் தாவி இன்றும் உயிரோடு இருக்கிறது. 546 கட்டிகளைப் படித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு அதன் வயதை 4,000 முதல் 8,500 ஆண்டு என்று கணித்தது. அதனால் ரத்த நார்மலைக் கழித்தால், அந்த ஆதி நாயின் பிறவி வேறுபாடுகளும் சேர்ந்து புதிய மாற்றங்களாகக் கொட்டும். மார்பகப் புற்றோடு ஒரே அட்டவணையில் அதற்கு இடமே இல்லை.

கட்டி எப்படி எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமல் ஒளிகிறது என்று கேட்கும் தனி ஆய்வுக்கு அது அருமையான பொருள். அப்படிச் செய்தால் முதல் வின்கிரிஸ்டின் (புற்றுமருந்து) ஊசிக்கு முன்பே திசுவை எடுங்கள். கட்டி சுருங்கத் தொடங்கினால் நாயின் சொந்த லிம்போசைட்டுகள் உள்ளே நிறைந்து கட்டி டிஎன்ஏவின் பங்கு குறைந்துவிடும். எல்ஐஎன்இ–மிக் பிசிஆர் (டிவிடியில் மிக் மரபணு அருகே செருகியிருக்கும் துண்டைத் தேடுவது) செய்தால் டிவிடிதானா என்று உறுதியாகிவிடும்.

குரும்பாபேட்_பிஜி

மிக்க நன்றி. டிவிடியை எடுத்துவிட்டேன். ஐந்து ஜோடிக்கு எக்ஸோம், மற்றக் கட்டிகளில் ஹெச்1047ஆர் மட்டும் சேங்கரில் (ஒரு சிறு பகுதியை மட்டும் படிக்கும் முறை) பார்த்தால் சரியா?

பேத்தாலஜி_லாஸ்பேட்டை

சரி, ஆனால் கட்டி செல்லின் விகிதத்தை முதலில் பாருங்கள். ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருந்து, துண்டில் 30 சதவீதமே கட்டி செல் என்றால், மாறிய எழுத்து 15 சதவீதம்தான் வரும். சேங்கருக்கு 15–20 சதவீதம் வேண்டும், அதற்குக் கீழே பின்னணி இரைச்சலோடு கலந்துவிடும். ஹெச்&இ சாயமிட்ட ஸ்லைடில் கட்டி செல் அடர்ந்த இடத்தைப் பேனாவால் வளைத்துக் குறித்து, அதே இடத்தை 10 மைக்ரான் வெட்டுகளிலிருந்து பிளேடால் சுரண்டி எடுங்கள். விகிதம் 50-ஐத் தாண்டாத கட்டியில் மாற்றம் தெரியாவிட்டால் "இல்லை" என்று எழுதாமல் "முடிவு சொல்ல இயலாது" என்று எழுதுங்கள். விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியும் வளர்ப்பவரின் எழுத்துச் சம்மதமும் முதல் சாம்பிளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும், ரத்தமும் எடுப்போம் என்பதை அதில் தனியாகச் சொல்லிவிடுங்கள்.